அஞ்சரை மணி பஸ்

— சிரிக்காதட்டி பிரேமா! விடியக்காலம் ரோட்டுல நின்னு இப்படிச் சிரிச்சா பாக்கவன் என்ன நெனப்பான்?

— நான் என்ன செய்ய, மாடம்மாக்கா? கண்ணை மூடினா நேத்து நாடகம் பாக்க வந்த அந்த ஆபீசர் முகம்தான் வருது. மேடைல ஓடச் சொன்னா, நீங்க கீழ இறங்கி அவரு உக்காந்திருந்த கசேரயைச் சுத்தி ஓடினீங்களே, என்றெ தெய்வமே!

— மேடை எம்புட்டுக்காணும் இருந்துச்சு? நாலு எட்டு வச்சா செவரு. பஸ்சு பின்னால தெனமும் ஓடுத தூரத்தை அதுக்குள்ள எப்படிக் காட்ட?

— ரிகர்சல்ல அப்படிச் செய்யலையல்லோ?

— ரிகர்சல்ல ஆபீசர் ஏது மக்கா? அவங்கவங்க கதைய அவங்கவங்களே நடிச்சுக் காட்டணும்னு கூட்டிட்டுப் போனாங்க. பஸ்சு விடுத ஆபீசரு முன்வரிசைல உக்காந்திருக்காரு. கேக்க வேண்டிய ஆளுகிட்டத்தானே போவணும்?

— முத்தாரம்மாக்கா வேற! டிரைவராம். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்கா பிடிச்சு வளைச்சுக்கிட்டு, 'டர்ர்ர்'னு உங்க பின்னாலேயே இறங்கிட்டா!

— பஸ்சு முன்னாலல்லா போவணும்! நான் தொரத்துததுக்குப் பதிலா அவ என்னைத் தொரத்துதா, கூறுகெட்டவ!

— நடுவுல மாட்டிக்கிட்ட சாரு, ரெண்டு காலையும் கசேரமேல தூக்கி வச்சுக்கிட்டு, 'நிர்த்தூ! நிர்த்தூ!'ன்னு விளிச்சாரு!

— நிறுத்துன்னா விளிச்சாரு? எனக்குக் கேக்கலையே!

— ஹால் முழுக்கக் கேட்டுது, அக்கா. நாலு வருஷமா நாம பஸ்சைப் பாத்து விளிக்கிறது, அவரு வாயிலேருந்து வருதேன்னு எல்லாரும் கைதட்டிட்டாங்க.

— ஏட்டி, போதும், வயிறு வலிக்கி.

— அப்புறம் விழுந்தீங்க பாருங்க. அது நடிப்புன்னுதான் நெனச்சேன். எழும்பவே இல்ல நீங்க.

— போன மழைக்கு இந்தா, இந்த எடத்துலதான் விழுந்தேன். பஸ்சு நிக்காமப் போச்சு, ஓடினேன், வழுக்கிட்டு. கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் கெடந்தேன். தம்பானூர் ஓட்டல்ல பாத்திரம் கழுவ வேற ஆள வச்சுக்கிட்டான். ஒனக்குத் தெரியாததா?

— அது தெரியும். நேத்து அங்க விழுந்து கெடந்து ஒண்ணு சொன்னீங்களே, அது எங்கிட்டகூட சொன்னதில்ல.

— யாருகிட்ட சொல்ல? பஸ்சுல இருந்தவங்க ஜன்னல் வழியா பாத்துச் சிரிச்சாங்க. ரோட்டுல கெடந்துக்கிட்டே நானும் கூடச் சிரிச்சேன், பாத்துக்க. ஒடிஞ்ச கை கூடிட்டு. அவங்களோட சேந்து நான் எதுக்குச் சிரிச்சேன்னுதான் இன்னும் ஆறல.

— அதைக் கேட்டு, அக்கா, நான் கரைஞ்சிட்டேன். அந்த சாரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

— வேர்த்திருக்கும். கடைசில மலையாளத்துல படபடன்னு என்னமோ சொன்னாரே?

— 'நோக்காம்'னாரு.

— நோக்காம்! பஸ்சை நிறுத்தச் சொல்லி மனு குடுத்தப்பல்லாம் அதே 'பாக்கலாம்'தானே சொன்னாங்க. நோக்கி நோக்கிக் கண்ணு பூத்திருக்கும்.

— பின்னே? ஒரு நாள்ல மாறுமோ?

— சரி விடு. ஆபீசரைக் கத்த வச்சாச்சு, அது போதும் எனக்கு. ஏ, ஏ, வளைவுல வெளிச்சம் தெரியுது! சேலையத் தூக்கிச் செருவு!

— பையை இங்க தாங்க! ஸ்டாப்புல நிறுத்த மாட்டான், அந்த ஹம்ப்புக்கிட்டதான் வேகம் குறைப்பான், அதுக்குள்ள போயிரணும்!

— ஓடு! முந்தானைய விடுட்டி!

— பாத்து அக்கா, விழுந்துராதீங்க!

— மூச்சு முட்டுதே... ஹம்ப்பு வந்துட்டு, பஸ்சு எங்க? தாண்டிப் போயிட்டா?

— போகல.

— பொறவு? சத்தத்தையே காணோம்?

— திரும்பிப் பாருங்க, அக்கா. கதவைத் திறந்து வச்சு ஸ்டாப்புலயே நிக்குது. நாமதான் நிக்காமப் போயிட்டோம்!