ஒருவருக்கு ஒரு பெட்டி

இப்போதெல்லாம் யாருக்கும் வரிசையில் நிற்கத் தெரிவதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் நிற்பவன் முதுகில் வந்து இடிக்கிறார்கள். கொரோனாவுக்கு முகமூடி போட்ட வருஷத்தில் இன்னும் மோசம். எங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை சரக்கு வரும். ஒருவருக்கு ஒரு பெட்டி தோட்டா என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். எங்கள் துப்பாக்கி கிளப்பில் இருக்கிற மெர்ல் ஹட்சல், தன் பெண்டாட்டி, மைத்துனன், மருமகன் என்று குடும்பத்தோடு வந்து நிற்பான். நான் தனி ஆள். என் முறை வரும்போது அலமாரி காலி.

"என்ன பெரிசு, இன்னைக்கும் வெறுங்கையா? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ, இன்னொரு பெட்டி கிடைக்கும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆபீசர்.

சனிக்கிழமை கிளப்பில் போய்ச் சுடுவதை விட்டால் எனக்கு வேறு பொழுதில்லை. உருக்கு மில்லை மூடியபோதும், மனைவி போனபோதும் சனிக்கிழமை இருந்தது. தோட்டா விலை ஏறியது. ஒரு பெட்டியை மாதக்கணக்கில் இழுத்துச் சுட்டேன். பிறகு அதுவும் தீர்ந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. விரல் மட்டும் நாற்காலிக் கையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சும்மா நிற்கிறானே என்று கிளப்பில் என் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். சுடுகிற இடத்தில் ஏதாவது தப்பு நடந்தால் ஊத வேண்டும். எல்லாரும் நிறுத்துவார்கள். அவ்வளவுதான் வேலை.

நீங்கள் கேட்கிற அந்தச் சனிக்கிழமை மெர்ல் தன் ரிவால்வருக்குத் தானே நிரப்பிய தோட்டாக்களைக் கொண்டுவந்தான். தரையில் கிடக்கும் காலிக் கூடுகளைப் பொறுக்கி, வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைத்து அழுத்துவது. அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

"முதல் தடவை, ஓரன். கொஞ்சம் ஒரு கண்ணு வச்சுக்கோ" என்றான்.

வைத்துக்கொண்டேன்.

காதுமூடி போட்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். கேட்டது. மருந்து விழாத தோட்டா வெடிக்காது. 'பொக்' என்று ஒரு சத்தம்தான் வரும். கை உதறாது, குறி அட்டையில் ஓட்டை விழாது. குண்டு குழாய்க்குள்ளேயே சிக்கி நிற்கும். அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். நான் ஊதவில்லை. துப்பாக்கி பாழாகும், அதோடு போகும் என்று நினைத்தேன். அவனுக்கு வலது கண்ணும் மூன்று விரலும் போகுமென்று யார் கண்டது?

ஆஸ்பத்திரிக்கும் போனேன். அவன் மனைவி டார்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே ஓரன், அதுவே போதும்" என்றாள். "வாங்கின பெட்டியெல்லாம் ஹைஸ்கூல் பொண்ணுங்களோட துப்பாக்கி டீமுக்கு. தோட்டா இல்லேன்னு டீமையே கலைக்கப் பாத்தாங்க. ஒருத்தருக்கு ஒரு பெட்டிதானே, அவங்க துப்பாக்கிக்கு வாங்கினா இவரோடதுக்குக் கிடையாது. இல்லேன்னா இந்த மனுஷன் எதுக்குத் தரையில பொறுக்கறாரு?"

புருஷனை விட்டுக்கொடுத்து எந்தப் பெண்டாட்டி பேசுவாள்? நீங்கள் அந்த டீமை நடத்துகிற டீச்சரையும் கேட்டுவிட்டேன் என்கிறீர்கள். டீச்சர்களையும் எனக்குத் தெரியும். அவன் இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருப்பான். தனக்கென்று செலவழிக்க மனசு வராமல் பொறுக்கியிருப்பான். கஞ்சன்கள் அப்படித்தான்.

அந்த 'பொக்'குக்குப் பிறகு மெர்ல் ஏன் நிறுத்தினான் என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். பக்கத்தில் சுட்டவன் பார்த்திருக்கிறான் போல. சரி. மெர்லுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றிலும் வெடிச்சத்தம், அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தி, திரும்பி என்னைப் பார்த்தான். காதுமூடி போட்ட இடத்தில் பேச்சு கிடையாது. புருவத்தைத் தூக்கினான். சுடலாமா என்று அர்த்தம்.

நான் சரியென்று தலையை ஆட்டினேன்.

நிரப்பியது அவன், சுட்டது அவன். தலையை ஆட்டியது மட்டும்தான் நான். எங்கே காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்றைக்கு என்னை நிறுத்திவைக்கப் போவதில்லை என்றீர்களே, அப்படியானால் கிளம்புகிறேன். மெர்ல் வீடு போகிற வழிதான். அவன் கராஜை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன். ஓர் அடுக்கு தோட்டாப் பெட்டியாவது அங்கே இருக்கும். இருந்தாக வேண்டும்.