தோஹாவில் இன்னும் மூன்று மணி

1. பழவேற்காட்டில் பொன்னேரிக்கு முதல் பஸ் ஏறினேன்.
2. முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். தோஹாவிலிருந்து வரும் கணவரின் தம்பியை அழைக்க விமான நிலையம் போகிறார்கள்.
3. ஐந்தரை மணிக்குக் கணவர், "நாலு மணிக்கு ஏறினவன் ஆறு மணிக்கு எறங்கிடுவான்" என்றார்.

"தோஹாவுலேருந்து ரெண்டே மணி நேரமா?" என்றார் மனைவி.

"போசொல்லோ நாலுக்கு ஏறி ஆறுக்கு எறங்கினான்ல?"

"அந்த ஆறு அவங்க ஊரு மணிய்யா. டிக்கெட்டப் பாரு, இங்க எறங்க பதினொண்ணு ஆவும்னு போட்டுக்கீது."

"வரசொல்லோ எதிர்காத்தா இருக்கும்."

"காத்தா? இது இன்னா உன் படகா? போனாலும் வந்தாலும் நாலரை மணி நேரம்தான். ஏரியில யாருக்கு எந்த எடம்னு பாடு சீட்டு பத்து மணிக்குக் குலுக்கி எடுக்கறாங்க. ஆளு நேர்ல நிக்கலன்னா இந்த வருசம் அவனுக்கு வலை போட எடமே கெடையாது. கூட்டினு வந்துடுவேன்னு ஊரு தலைவராண்ட பெருமையா சொன்னியே!"

"இப்ப பாதிக் கடல் தாண்டியிருப்பான். கம்முனு வா."

மனைவி போன் போட்டார். தம்பி உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டது: "இன்னும் ஏறவே இல்ல அண்ணி. இங்க மூணு மணிதான் ஆவுது."

மனைவி போனைக் கணவரின் மடியில் வைத்தார். "தலைவராண்ட நீயே சொல்லு."

"நீ சொன்னா திட்டமாட்டாரு."

பொன்னேரி வந்தபோதும் தலைவருக்கு யாரும் சொல்லவில்லை. விமானமும் இன்னும் கிளம்பவில்லை.