போடட்டுங்களா?

சாயங்காலம் ஏழரை மணி. வெண்ணந்தூரிலிருந்து உள்ளே பிரியும் மண் ரோடு. இரண்டு பக்கமும் சோளத்தட்டு... நடுவே ஒற்றை மொபெட். ஓட்டிக்கொண்டு போனவர் நம் காளிதாஸின் தாய்மாமன் சென்னிமலை. எலெக்ட்ரீஷியன். காளிதாஸ் இதோ உட்கார்ந்திருக்கிறான், பொய்யென்றால் அவனே சொல்லட்டும். சிரிக்கிறவன் எவனோ, இப்போதே எழுந்து தனியாக அந்த வேப்பமரம் வரைக்கும் போய்விட்டு வா, பார்க்கலாம்.

கமலவேணி என்பவளின் கோழிப்பண்ணை. நாலாயிரம் கோழி. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டாரின் சுவிட்ச் கருகிவிட்டது. தொட்டி காலி. சித்திரை வெயில். விடிவதற்குள் தண்ணீர் ஏறாவிட்டால் மறுநாள் கோழிகளை வாரிக் குழியில் போட வேண்டியதுதான். அவளோ மாமியாரோடு சேலம் ஆஸ்பத்திரியில். "எப்பிடியாச்சும் மாத்திக் குடுத்துருங்கண்ணா" என்று போனில் அழாத குறை.

சென்னிமலைக்கு ஒரு வழக்கம். மெயினில் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் ஒயரைத் தொடுவார். பெற்ற தாயே வந்து கரண்ட் இல்லை என்றாலும் நம்பமாட்டார். அன்றைக்கு மட்டும் புத்தி மழுங்கிப் போயிற்று. மெயின் பெட்டி கோழி ஷெட்டுக்கு அந்தக் கோடியில், மோட்டார் ரூம் இந்தக் கோடியில். நடக்கச் சலித்துக்கொண்டு நின்றபோது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"கட்டையப் புடுங்கீட்டனுங்க. நீங்க வேலையப் பாருங்க."

பண்ணை ஆள் என்று நினைத்தார். "சரிங்க்கா" என்று உள்ளே போனார்.

ஓர் ஆள் திரும்பவே இடமில்லாத ரூம். தகரக் கதவு. பைப் ஒழுகிக் கணுக்கால் அளவு தண்ணீர். கோழி எச்ச நாற்றம், அதோடு... கருகிய ரப்பர் வாடை. டெஸ்டர் வைத்துப் பார்த்தார். நிஜமாகவே கரண்ட் இல்லை. நெற்றி டார்ச் வெளிச்சத்தில் பழைய சுவிட்சைக் கழற்றினார். ஒயர் இரண்டும் வெறுமனே தொங்கின. முதுகுக்குப் பின்னால் கதவு... டமார்.

"போடட்டுங்களா?"

"இருங்க்கா, இன்னும் முடியலீங்க."

சொட்... சொட்... பைப் சொட்டியது. பத்துச் சொட்டு இருக்கும்.

"போடட்டுங்களா?"

அப்போது போன் அடித்தது. கமலவேணி.

"ஏனுங்கண்ணா, பண்ணையில ஆளு யாருமில்லீங்க. கட்டைய மறக்காம நீங்களே புடுங்கிக்கோங்க. எங்ககிட்ட வேலை செஞ்ச மாரக்காள் அந்த ரூமுலதான் செத்துப்போச்சுங்க. அது உள்ளார ஒயரப் புடிச்சுட்டு நிக்கறப்ப, யாரோ கேக்காமயே கரண்ட்டப் போட்டுட்டாங்க..."

லைன் அறுந்தது. அப்புறம் டவரே எடுக்கவில்லை.

சென்னிமலை ஒயரை விட்டார். கதவைத் தள்ளினார். தோளால் இடித்தார். அசையவில்லை. காலடியில் தண்ணீர். கட்டை அவள் கையில். ஒரு தடவை பதில் சொல்லாமல் விட்டால்...

"போடட்டுங்களா?"

"வேண்டாம்! வேண்டாங்க்கா!"

இப்படியே. ஸ்க்ரூ தண்ணீரில் விழும். குனிந்து துழாவுவார். குரல் கேட்கும். "வேண்டாங்க்கா." தொண்டை வறண்டு காற்றுதான் வந்தது. ஐந்து நிமிட வேலை அது. எவ்வளவு நேரம் ஆயிற்றென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஒருவழியாகப் புது சுவிட்சை மாட்டி மூடியை முறுக்கினார். கதவைத் தள்ளினார். ம்ஹூம். அழுதேவிட்டார், நாற்பது வயது மனிதர்.

அப்புறம்தான் உறைத்தது. அவர் 'போடு' என்று சொல்லாமல் அந்தக் கதவு திறக்காது. ஒயரைச் சரியாக முறுக்கினோமா? தண்ணீரில் கரண்ட் இறங்குமோ? சாமிமேல் பாரத்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"போடுங்க்கா."

மோட்டார் உறுமியது. பைப்பில் தண்ணீர் ஏறியது. கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே ஈ காக்கா இல்லை. மொபெட்டை முறுக்கியவர் ஊர் வந்துதான் மூச்சு விட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விடியற்காலையில் பண்ணைக்குத் திரும்பிய கமலவேணி போன் செய்தாள்.

"கோழியெல்லாம் பொழச்சுதுங்கண்ணா, நல்லா இருப்பீங்க. தொட்டி ரொம்பி வழியுதுங்க..." குரல் இறங்கியது. "ஆனா மோட்டாரு நிக்க மாட்டேங்குதுங்க. சுவிட்ச்ச ஆப் பண்ணிப் பாத்தாச்சு. கரண்ட்டே போயி ஒரு மணி நேரமாச்சுங்க. இன்னும் ஓடுது. ரூமுக்குள்ளார இருந்து ஒரு பொம்பளக் குரலு... 'போடச் சொன்னவரே உள்ள வந்து நிறுத்தச் சொல்லட்டும்'ங்குதுங்க."