கெட்ட வார்த்தை

பட்டினப்பாக்கம் பஸ்ஸில் காதைத் திருப்பிக்கொள்ள வழியில்லாத கூட்டம். எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் அவள் மகள், ஐந்து வயதிருக்கும், தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“டாக்டரம்மா ஒரு பொம்மையக் குடுத்து, ட்யூஷன் சார் எங்க தொட்டாருன்னு காட்டச் சொன்னாங்கக்கா. இது பொம்மையோட கவுனக் கீழ இழுத்து வுட்டுட்டு, அதோட வாயப் பொத்திக்கினு நிக்குது.”

“அந்தாள நென்ச்சி பயந்துகினு கீது.”

“அந்தாளுக்கு இல்லக்கா. எனக்குத்தான் பயப்படுது.”

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“போன மாசமே என்கிட்ட வந்து, சார் தொட்டாருன்னு சொல்லிச்சு. எங்கடின்னு கேட்டேன். அந்த எடத்துக்குத் தெருவுல பசங்க சொல்ற பேரச் சொல்லிச்சு. கெட்ட வார்த்தையா பேசறேன்னு வாய் மேலயே போட்டேன். மறுநாளும் நான்தான் ட்யூஷனுக்கு இட்டுகினு போய் வுட்டேன். பக்கத்து வூட்டுப் பொண்ணும் அதையே சொன்னப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது.”

“வேற பேரு அதுக்கு எப்டிடி தெரியும்? நீ சொல்லிக் குடுத்தியா?”

“நமக்கு மட்டும் யாருக்கா சொல்லிக் குடுத்தாங்க?”

சாந்தோம் திருப்பத்தில் பஸ் குலுங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

“யம்மா, அந்தப் பொம்ம ஒண்ணுமே சொல்லல. அத அடிக்காத.”