காம்பு ஒடிந்த பூசணி

— நகத்தால குத்திப் பாத்தியா ஓய்தின்? நகம் இறங்குனா முத்தாத காய். சம்சாவுக்குள்ள வச்சா தண்ணி விட்டுச் சொதசொதன்னு ஆயிடும், கேட்டியா?

— பாத்துட்டேன் அத்தை. சாம்பல் பூத்த தோலு, கல்லு மாதிரி இருக்கு. எங்கண்ணன் வர்றதுக்குள்ள ஆட்டு வால்கொழுப்பு, வெங்காயம், சீரகம் போட்டு மடிச்சித் தந்தூர் அடுப்புச் செவுத்துல ஒட்டிடுவேன்.

— உங்கண்ணன் திங்கவா நமங்கான்லேர்ந்து வர்றான்? உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றான். தெருவே பேசுது.

— உங்க மகன் ரஷ்யாவுல சமாராவுக்கு வேலைக்குப் போயி நாலு வருசமாச்சு அத்தை. அண்ணன் கேக்குறதுல என்ன தப்பு?

— நவ்ரூஸ் பண்டிகைக்கு வந்துடுவான்டி என் ஷவ்கத்! பிஞ்சுலயே அவன் பேரைக் கீறி வளத்த காய் பரண்ல இருக்குல்ல? அது கெடாத வரைக்கும் இந்த வாசலத் தாண்ட மாட்டேன்னு ரொட்டி மேல கைய வச்சுச் சொன்னியே, மறந்துட்டியா?

— மறக்கல. வருசா வருசம் ஒரு காய், வருசா வருசம் ஒரு சத்தியம். உங்க பரண்ல பூசணி என்னிக்குக் கெட்டுச்சு?

— எப்படிக் கெடும்? வைக்கோல் மெத்தை போட்டு, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம, தினம் புரட்டி வைக்கிறவ நான். முட்டி வலியால பதினஞ்சு நாளாத்தான் ஏணி ஏறல.

— அதக் கீழ இறக்கிட்டேன் அத்தை. அந்தச் சாக்குல இருக்கு, பாருங்க.

— ஐயோ! மேலெல்லாம் கொழகொழன்னு... காம்பு எங்கடி? காம்பு போனா அழுகல் ஏறும்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!

— தூக்குறப்போ கை தவறிடுச்சு.

— முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறியா? வேணும்னே ஒடிச்சிருக்க!

— ஆமா, ஒடிச்சேன்! சத்தியத்த மீறப் பயமா இருந்துச்சு. காயே கெட்டுப்போச்சுன்னா நான் மீறுனதா ஆகாதுல்ல?

— அடிப்பாவி! ரொட்டியையே ஏமாத்துறியா? என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?

— அவருக்கு ஒண்ணும் ஆகாது. அங்க இன்னொரு பொண்டாட்டி இருக்கா. கூட வேலை பாக்குற ஆளு அண்ணனுக்குப் படம் அனுப்பியிருக்கான். அவர் மடியில ஒரு குழந்தை.

— போதும்.

— ஒரு மாசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தேன் அத்தை. சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்.

— போதும்டி.

— உக்காருங்க. இந்தத் தேத்தண்ணியக் குடிங்க. பெத்த தாய்கிட்டயும் மறைச்சிட்டாரே மனுசன்!

— வாசல்ல கார் சத்தம் கேக்குது. உங்கண்ணனாத்தான் இருக்கும்.

— நான் போகட்டுமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசே வரல அத்தை.

— ஓய்தின்... நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? அதுக்குப் பயந்துதான் வாயத் தெச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்தக் குழந்தைக்குப் பேரு வச்சதே நான்தான்.