முப்பத்தொன்பதாம் நாள் மன்னிப்பு

ஹலோ… ஹலோ, நான் பேசறப்ப நீ பேசாத மஹாலட்சுமிக்கா. … இரு. … இரு, இரு! எடுத்த எடுப்புல 'கிருஷ்ணவேணி, உன்ன மன்னிச்சிட்டேன்'னா இன்னா அர்த்தம்? உன் வாசப்படிய மிதிச்சே மூணு வருஷம் ஆவுது. எதுக்கு மன்னிச்ச?

… பேசாம இருந்ததுக்கா? நல்லாருக்கே நியாயம்! எம்பொண்ணு ஜீவிதாவுக்கு வந்த ஆற்காட்டு வரனுக்கு, 'பொண்ணுக்கு வலிப்பு இருக்குது'ன்னு போன் போட்டது நீ. ஒரே வூட்டுக்கு ரெண்டு பேரும் வாக்கப்பட்ட பாவத்துக்கு வாயத் தொறக்காம இருந்தது நானு. இப்ப மன்னிக்கறது நீயா?

… ஆமா. … ஆமா, ஆமா, கேக்குது. … இன்னாக்கா அது, புஸ்ஸு புஸ்ஸுனு? … மூச்ச கவனிக்கறியா? போன தள்ளி வெச்சிக்கினு கவனி, காதுல காத்தடிக்குது.

… செவிலிமேட்டுல தியான வகுப்பு. ஓகோ. … தெனம் ஒருத்தர கூப்ட்டு மன்னிக்கணுமா? நாப்பது நாளா? நான் எத்தினியாவது? … முப்பத்தொம்பதா! பால்காரரு, கேஸ் சிலிண்டர் போடறவரு எல்லாரையும் மன்னிச்சி முடிச்சிட்டுதான் நானா?

வரதராஜர் கோயில்ல பல்லியத் தொட்டா தோஷம் போற மாதிரின்னு நெனச்சிக்கினியா? அதுக்குக்கூட படியேறி கைய நீட்டணும்க்கா. நீ உக்காந்த எடத்துலயே…

… கோவமா? கோவப்பட எனக்கு ஏது நேரம்? வெள்ளிக்கெழம பூ வெக்க வரேன்னவங்க, காத்தால போன் பண்ணி 'கொஞ்சம் தள்ளிப் போடலாம்'னுட்டாங்க. ஏன்னு சொல்லல. பொண்ணு ஒரு வாய் காப்பி குடிக்கல. … யாரா? உனக்கெதுக்கு, இன்னொரு போன் போடவா? … செவிலிமேட்டுலதான். திருஞானசம்பந்தம்னு ஒருத்தரு, அவரு பையன்.

… ஹலோ?

… அவரு சம்சாரத்த உனக்கு எப்பிடித் தெரியும்? … அதே வகுப்பா. … உன் பக்கத்துலதான் உக்காருவாங்களா.

… அக்கா. அங்க இன்னா சொன்ன? … நேத்தா? … சரி, வட்டமா உக்காந்து மனசுல இருக்கறத கொட்டணும், சரி. நீ இன்னாத்த கொட்டின? … பேரு சொல்லலியா? 'எங்கொழுந்தன் பொண்ணு'ன்னு சொன்னியா? உனக்கு எத்தினி கொழுந்தன்? ஒருத்தன்தான! நீ ஜீவிதாவுக்குப் பெரியம்மான்னு அந்தம்மா விசாரிச்சி வெச்சிருக்க மாட்டாங்களா?

… சொன்னத அப்பிடியே சொல்லு. … 'ஒரு பொண்ணுக்கு வலிப்பு இருக்கறத வெளிய சொல்லிட்டேன், என் நாக்க மன்னிக்கணும்.' … அழுதியா. எல்லாரும் முதுகத் தடவிக் குடுத்தாங்களா.

அடிப்பாவி! பொய் சொன்னேன்னு சொல்லலியா? இருக்கறத சொல்லிட்டேன்னு சொல்லியா அழுத? கருடசேவை கூட்டத்துல, வெறும் வயித்தோட நின்னு, ஒரே ஒரு தபா மயங்கி வுழுந்த பொண்ணு அது! அவ மூஞ்சில தண்ணி தெளிச்சது நீதானக்கா!

… பொய்யின்னு ஒத்துக்கினா அவமானமா? அத்தன பேர் எதிர்ல அழறதுக்கு அவமானமா இல்லியா?

… போ. இப்பவே அவங்க வூட்டுக்குப் போ. 'நான் சொன்னது பொய்யி'ன்னு அந்தம்மா மூஞ்சியப் பாத்து சொல்லு. … நாளைக்கெல்லாம் கெடையாது. … இன்னா? … நான் மொதல்ல சொல்லணுமா? உன்ன மன்னிச்சிட்டேன்னு நான் சொன்னாதான் உனக்குத் தெம்பு வருமா?

… புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வுடாத. பேசு.

… சரி. … ஜீவிதா, இங்க நிக்காத. உள்ள போம்மா. போடின்றேன்!

… மன்னிச்சிட்டேன். … கேக்கலியா? மன்னிச்சிட்டேன்றேன். … மனசாரவா? அக்கா, எம்மனசு அந்தப் பொண்ணு பின்னாடியே உள்ள போயிடுச்சி. வாய்தான் இங்க இருக்குது. அது குடுக்கறத வாங்கிக்க. வாங்கிக்கினு செருப்ப மாட்டு.

… போறியா? … அக்கா, போறியா, இல்ல இதையும் நாளைக்கு வகுப்புல சொல்லி அழப் போறியா?