கரை தெரிந்தது, இறங்க உத்தரவில்லை

ஓடுகிறேன். துறைமுகத் தளம் முழுக்க எண்ணெய். கால் வழுக்குகிறது. மேலே விமானங்கள். இறக்கையின் அடியில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம் தெரிகிறது. அவ்வளவு தாழ்வு. முதலில் மாவு மில் ஓடுவதுபோல இரைச்சல். பிறகு ஓர் ஊளை. பிறகு ஒன்றுமே இல்லை. காது அடைத்துவிட்டது.

"படு! படு!" என்று ஒருவர் கத்துகிறார். அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் படுத்தேன்.

1942, ஏப்ரல் ஐந்து. ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை தாண்டியிருந்தது. கொழும்புத் துறைமுகம்.

என் பெயர் எஸ்தர். சொந்த ஊர் சாத்தான்குளம். மிஷன் பள்ளியில் படித்து டீச்சர் ஆனவள். கொழும்பில் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். என் கணவர் ஞானமுத்து துறைமுகத்தில் கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளைக் குறிப்பது அவர் வேலை. யுத்த காலம். ஈஸ்டருக்கும் லீவு இல்லை. விடியற்கால ஆராதனை முடிந்து அவருக்கு ஆப்பம் கொண்டுபோனேன்.

எழுந்து பார்க்கும்போது அவர் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருக்கிறார். விரல் இடுக்கில் ரத்தம்.

முதலுதவிக் கொட்டகையில் வரிசை இருந்தது. வரிசைக்குள் இன்னொரு வரிசை இருந்தது. வெள்ளைக்கார மாலுமிகள் முதலில் உள்ளே போனார்கள். சிராய்ப்புக் காயக்காரன்கூடப் போனான். வாசலில் நின்ற சேவகன் எங்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினான். நகரத்து ஆஸ்பத்திரியில் இடமில்லை. வராந்தாவில் வைத்துக் கட்டுப்போட்டார்கள். ஆபரேஷன் வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். மத்தியானம் திரும்பவும் குண்டு விழும் என்று ஊரே ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேதான் சவேரியார் தண்டல் எங்களைக் கண்டுபிடித்தார். தூத்துக்குடியிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவரும் தோணி அவருடையது; அதை ஓட்டும் தண்டலும் அவரே. பாய் விரித்து ஓடுகிற பெரிய தோணி. என் கணவருக்கு நல்ல பழக்கம்.

"டீச்சரம்மா, இங்கன கெடந்தா யாரும் பாக்க மாட்டாவ. காத்து இருந்தா ரெண்டு நாள்ல தூத்துக்குடி. அங்கன டாக்டர் இருக்காரு" என்றார்.

சரி என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

தோணியில் நாங்கள் ஒன்பது பேர் ஏறினோம். நான்கு பேருக்குக் காயம். என் கணவர். எட்டயபுரத்துப் பக்கம் இருந்து கூலிக்கு வந்த அண்ணன் தம்பி, மாடசாமியும் சுடலையும். எரிகிற எண்ணெயில் வெந்துபோன தங்கம் என்ற பெண். துணி ஒட்டிக்கொண்டதால் அவளைத் தொடவே முடியவில்லை.

திங்கட்கிழமை காற்று விழுந்தது. பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. கடல் கண்ணாடி. செவ்வாய் மத்தியானம் தங்கம் போய்விட்டாள். கடைசிவரை கத்தவே இல்லை. கடலில் விடத் தண்டலுக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கரை வந்துவிடும், மண்ணில் வைப்போம் என்றார். பழைய பாயில் சுற்றினார்கள்.

இரவில் காற்று எழுந்தது. புதன்கிழமை காலை. முத்துக் குளிக்கிற கடலடிப் பாறைத் திட்டுகளைத் தாண்டி வந்துவிட்டோம். முயல்தீவு. தூத்துக்குடி மாதா கோயில் கோபுரம். உப்பு அம்பாரங்கள் வெயிலில் வெள்ளையாய். நான் அழுதேன்.

அப்போது ஒரு மோட்டார் படகு குறுக்கே வருகிறது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் தமிழ்க் கிளார்க். அதிகாரி பேசியது எனக்கே புரிந்தது. கொழும்பிலிருந்து வந்த யாரும் இறங்கக் கூடாது. நங்கூரம் போட்டு இங்கேயே நிற்க வேண்டும். மேலே இருந்து உத்தரவு வர வேண்டும்.

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு அதையே தமிழில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஊரில் பாதிப் பேர் குண்டுக்குப் பயந்து ஏற்கெனவே உள்ளே புதுக்கோட்டைக் கிராமத்துப் பக்கம் வண்டி கட்டிவிட்டார்கள். காயம்பட்டவர்களைப் பார்த்தால் மீதியும் ஓடும். அதுதான் துரைக்குப் பயம்.

காயம்பட்டவர்களை மட்டுமாவது இறக்குங்கள் என்றேன். இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். படகு திரும்பியது.

நங்கூரம் விழுந்த சத்தம் என் கணவருக்குக் கேட்டிருக்கிறது.

"எஸ்தர், கரை தெரியுதா?"

"தெரியுது."

"பொறவு ஏன் நிக்கோம்?"

வெயில் படாமல் அவர் முகத்துக்கு மேல் முந்தானையைப் பிடித்தேன்.

சாயங்காலம் படகு திரும்ப வந்தது. அதற்குள் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அவருடைய சட்டைப்பையில் இருந்த நோட்டில் ஒரு தாள். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் முழுவதையும் அதில் போட்டேன். மாட்சிமை தங்கிய ஐயா. உங்கள் பணிவுள்ள ஊழியை. எங்கள் ராஜா. எங்கள் யுத்தம். கிளார்க் வாங்கிப்போனார். வியாழன் காலை பதில் வந்தது. டைப் அடித்த இரண்டு வரி. வருந்துகிறோம். உத்தரவு வரும்வரை அனுமதி இல்லை.

வியாழன் பத்து மணிக்குச் சுடலை இறந்தான். மாடசாமி தம்பியின் காலைப் பிடித்தபடியே இருந்தான். பீப்பாயில் தண்ணீர் அடிமட்டம். என் கணவரின் வயிறு கல்லாக இறுகிவிட்டது. காய்ச்சல். வாயில் ஈரத்துணி வைத்தேன். சப்பினார்.

தோணிக்காரர்களில் தொம்மை என்று ஒருவர். நாற்பது வயது. முன்பு முத்துக் குளித்தவர். காது மந்தம். மாலை நான்கு மணிக்கு எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"ஏலே தொம்மை, புடிச்சா உள்ள வச்சிருவான்" என்றார் தண்டல்.

"வைக்கட்டும். உள்ள வச்சாலும் தண்ணி குடுப்பான்லா" என்றார் தொம்மை.

குதித்தார். கொஞ்ச நேரம் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியல். முதலில் துடுப்புச் சத்தம். பிறகு வள்ளங்கள். பதினேழு வரை எண்ணினேன். அதற்கு மேல் கண் மறைத்தது. தொம்மை கரை சேர்ந்து சொல்லியிருக்கிறார். பரதவர் தெருவே கடலில் இறங்கியிருந்தது. குடம் குடமாய்த் தண்ணீர்.

மோட்டார் படகும் வந்துவிட்டது. அதிகாரி கையில் கைத்துப்பாக்கி. நிற்காவிட்டால் சுடுவேன் என்று கத்துகிறார். எனக்குப் புரிகிறது. வள்ளக்காரர்களுக்குப் புரியவில்லை. கிளார்க்கிடம் சொல்லச் சொல்கிறார். கிளார்க் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கத்துகிறார். கிளார்க் கைகட்டி நின்றார். வேட்டி மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது.

என் கணவரைப் பாயோடு தூக்கி இறக்கினார்கள். உயிர் இருந்தது. மணலில் வைக்கும்போதும் இருந்தது. டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். நாற்றத்தில் தூக்கி வந்தவர்கள் விலகினார்கள். அவர் விலகவில்லை. நாடி பிடித்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாளைக்கு முன்ன கொண்டாந்திருக்கலாமேம்மா" என்றார்.

"புதன்கிழமையே வந்துட்டோம்" என்றேன்.

அவர் எழுந்து கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஒன்பதே கால் மணிக்கு என் கணவர் இறந்தார்.

இதை எழுதச் சொன்னவர்கள் கணக்குக் கேட்டார்கள். சொல்கிறேன்.

தோணியில் ஏறிய ஒன்பது பேரில் மூன்று பேர் இல்லை. தங்கம். வயது எங்களில் யாருக்கும் தெரியாது. புருஷனைக் கொழும்பில் தொலைத்தவள். அவனும் வரவே இல்லை. சுடலை, பத்தொன்பது. ஞானமுத்து, முப்பத்தொன்று. கலியாணமாகி நான்கு வருஷம்.

மாடசாமி பிழைத்தான். ஒரு கை போயிற்று.

தொம்மையைக் கரையிலேயே பிடித்தார்கள். யுத்தகாலச் சட்டம் என்றார்கள். பதினோரு மாதம் ஜெயில். இருமலோடு வெளியே வந்தார். அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை.

சவேரியாரின் தோணியை யுத்தத் தேவைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவில்லை.

கிளார்க்குக்கு வேலை போயிற்று. அவர் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளாதது என் தவறு.

இறங்க அனுமதி உத்தரவு சனிக்கிழமை வந்தது. ஒன்பது பேருக்கும்.